விரைவும் தெளிவும்

உத்தனப்பள்ளி என்னும் எமது ஊர், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்பகுதியில், ஓசூரினின்று இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையின்மேல் உள்ளது. கருநாடக எல்லை அணித்தாதலின், ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும். கேழ்வரகும் தக்காளியும் விளையும் நிலங்களுக்கு அருகே இப்பொழுது பெரிய ஆலைகள் எழுந்துள்ளன. விடியற்காலையிலும் நள்ளிரவிலும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. ஆலைக்குள் ஒரு பொருள் ஒருவர் கையினின்று அடுத்தவர் கைக்குச் செல்லும் காலத்தை விநாடியாக எண்ணுவர். ஆகவே விரைவின் பெருமையை எம்மூரார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விரைந்து செய்த பொருளிற் குறை தங்கிவிடின் அது திரும்பி வந்து சேரும் என்பதையும் அவர்கள் நன்கறிவர். இவ்விரண்டு அறிவும் கூடி எம் குடும்பத்தில் ஒரு வினாவை எழுப்பின. அவ்வினாவையும், அதற்கு விடை தேடி யாம் அறிந்தவற்றையும் நேயர்களுக்கு எடுத்துக்கூற விழைகின்றோம்.

எம் சிற்றப்பாவின் மகனுக்கு வயது ஏழு. சென்ற ஆண்டில் ஒருநாள் பள்ளியில் எழுதிக்கொண்டிருக்கையில் அவன் கண்கள் ஓரிடத்தில் நிலைத்தன, வலக்கை துடித்தது, சிறிது நேரம் சென்று தெளிந்தான். பத்து நாட்களில் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. இக்காலத்தார் ‘ஃபிட்ஸ்’ என்றும், முதியோர் ‘காக்கை வலிப்பு’ என்றும் கூறும் நோய் இது. மூளையின் அமைப்பை எம்.ஆர்.ஐ. படத்தாற் காணவேண்டும் என்று வைத்தியர் கூறினார். சிற்றப்பா ஆலையில் ஒரு நாட்கூலியை இழந்து, பையனையும் எம் பாட்டியாரையும் அழைத்துக்கொண்டு பெங்களூரில் உள்ள ஒரு படநிலையத்துக்குச் சென்றார். கல்லூரி விடுமுறைக் காலமாதலின் யாமும் உடன் சென்றோம்.

படம் எடுத்து முடிய நாற்பது நிமிஷம் ஆகும் என்றனர். ஏழு வயதுப் பிள்ளை, குறுகிய குழாய்க்குள், சம்மட்டி அடிப்பதுபோன்ற பேரோசையின் நடுவே, நாற்பது நிமிஷம் கற்சிலைபோற் கிடத்தல் எங்ஙனம்? பத்தாம் நிமிஷத்தில் அவன் தலையைத் திருப்பினான். பின்னும் பலமுறை திருப்பினான். திரையில் வந்த மூளையின் உருவம், கல்லெறிந்த குளத்தில் தோன்றும் நிலவைப்போல, வரி வரியாய்க் கலைந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்து மற்றொருநாள் எடுக்கலாம் என்று அங்குள்ளோர் பரிவுடன் சொன்னார்கள். பாட்டியார் அதற்கு அஞ்சினார்.

மூன்று வாரங் கழித்து வேறோர் இடத்துக்குச் சென்றோம். அங்கிருந்த யந்திரம் புதியது. படங்கள் யாவும் பதினைந்து நிமிஷத்துள் முடியும் என்றனர். பாட்டியார் கம்மலையும் வளையலையும் கழற்றி எம்மிடம் கொடுத்துவிட்டு, உள்ளே சென்று பையனின் பாதத்தைப் பற்றிக்கொண்டு நின்றார். ஓசை அடங்கிய இடைவெளிகளில், யந்திரம் இயக்குபவர் கன்னடத்தில் சொன்ன சொல்லையே தாமும் திருப்பித் திருப்பிச் சொன்னாராம்: “அலுகாடபேட கந்தா, அலுகாடபேட.” அசையாதே கண்ணே என்பது அதன் பொருள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை முப்பதுமுறை சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது என்று வெளியே வந்து கூறினார். பையன் அசையவில்லை. படமும் கலையவில்லை. மூளையின் அமைப்பிற் குறையொன்றும் காணப்படவில்லை என்று அறிக்கை வந்தது.

சிற்றப்பா பெருமூச்சு விட்டார். பாட்டியாரோ மகிழவில்லை. “நாற்பது நிமிஷம் பார்க்கவேண்டியதைப் பதினைந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்களே. உள்ளே ஒன்றுமில்லையா, அல்லது இவர்கள் கண்ணிற் படவில்லையா?” என்று கேட்டார். அவர் மூன்றாம் வகுப்பைக் கடவாதவர். எனினும், இவ்விஷயத்தில் ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாகத் தம்மைத் தாமே கேட்டுவரும் வினா இதுவே என்பதை, பின்னர் எம் கல்லூரிப் பௌதிக ஆசிரியர் ஒருவரிடம் பல மாலைகள் அமர்ந்து கேட்டபோது அறிந்தோம்.

யந்திரத்தின் தொழிலைச் சுருங்கச் சொல்வோம். நம் உடலில் நீர் மிகுதி. நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சிறு காந்த ஊசியைப் போன்றது. 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தம் பூமியின் காந்தத்தினும் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. அதனுட் கிடக்கும்போது அக்கருக்களிற் சிறு பங்கு காந்தத்தின் திசையைச் சார்ந்து நிற்கும். விநாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 39 லட்சம் முறை அதிரும் ரேடியோ அலையை அவற்றின்மேற் செலுத்தினால் அவை திசை பெயரும். பழைய நிலைக்கு மீளும்போது தாமும் ஒரு மெல்லிய அலையை எழுப்பும். அம்மெல்லிய குரலைக் கேட்டே படம் வரையப்படுகிறது. எக்ஸ் கதிர் இதில் இல்லை.

ஆயினும் புகைப்படம்போல் இது ஒரு கணத்தில் விழுவதன்று. ஏடு எழுதுவோன் வரி வரியாக எழுதுதல்போல, யந்திரமும் அளவைகளை வரி வரியாகச் சேர்க்கும். ஒவ்வொரு வரியும் படத்தின் ஒரு மூலையை மட்டும் காட்டுவதன்று. படம் முழுவதிலும் பரந்துள்ள ஒருவகை ஏற்ற இறக்கத்தை அளந்து தருவது. வரிகள் யாவும் சேர்ந்த பின்னரே ஃபூரியர் கணக்கினால் உருவம் தோன்றும். நடுவே நோயாளி ஒருமுறை அசைந்தாலும் படம் முழுவதும் கலைவது இதனாலேயே. ஒரு வரியை அளந்தபின் கருக்கள் தம் நிலைக்கு மீளும்வரை அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு வரிக்கு 2.5 விநாடியாக 256 வரிகளை அளக்க 640 விநாடி, அஃதாவது 10 நிமிஷம் 40 விநாடி செல்லும். இஃது ஒரு தொகுதிப் படத்துக்கு மட்டுமே. மூளை நோய்க்கு இத்தகைய தொகுதிகள் பல வேண்டும்.

காத்திராமல் விரைந்தால் என்ன கெடும்? இங்கேதான் பாட்டியாரின் ஐயத்துக்கு இடமுள்ளது. அளக்கும் காலத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால், குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பாதியாகும். நுண்மையை மிகுக்க விரும்பி, படத்தின் சிறு கட்டம் ஒவ்வொன்றின் பக்கத்தையும் 1 மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டராகச் சுருக்கினால், கட்டத்தின் கன அளவு எட்டில் ஒன்றாகும். குறைந்த குரலை ஈடுசெய்ய 64 மடங்கு காலம் அளக்க நேரும். காலம், நுண்மை, இரைச்சலின்மை என்னும் மூன்றும், மூவர் ஒரே போர்வையை இழுப்பதுபோல, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே நிற்பன.

இப்போராட்டத்தின் வரலாறு நீண்டது. 1973-இல் பால் லாட்டர்பர் நீர் நிறைந்த இரு சிறு குழாய்களின் உருவத்தை இம்முறையால் முதன்முதல் வரைந்து வெளியிட்டார். 1977-இல் ரேமண்ட் டமாடியன் குழுவினர் மனிதரின் மார்புப் படம் ஒன்றை எடுக்க 4 மணி 45 நிமிஷம் சென்றது. அவ்வாண்டிலேயே பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, ஒருமுறை அலை செலுத்தியே எல்லா வரிகளையும் அளக்கும் வழியொன்றைக் கூறினார். லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். 1986-இல் ஜெர்மனியின் யூர்கன் ஹென்னிக், ஒருமுறை அலை செலுத்திப் பல வரிகளை அளக்கும் நடுவழியொன்றைக் கண்டார். ஒருமுறைக்கு 16 வரி எனின், மேற்கூறிய 640 விநாடி 40 விநாடியாகச் சுருங்கும். ஆனால் பின்வரும் வரிகளிற் குரல் தேய்ந்துபோவதால், மிகச் சிறிய உருவங்களின் விளிம்பு சற்றே மழுங்கும். இதுவே விரைவுக்குக் கொடுத்த முதல் விலை.

அடுத்த வழி, சில வரிகளை அளவாமலே விடுவது. தலையைச் சுற்றிப் பல கேள்கருவிகளை வைத்தால், ஒவ்வொன்றும் தனக்கு அணித்தான பகுதியின் குரலை மிகுதியாகக் கேட்கும். வரிகளிற் பாதியை விட்டால் படம் இரண்டாக மடிந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். கருவிகளின் கேள்வி வேறுபாட்டைக் கொண்டு மடிப்பைப் பிரித்துவிடலாம். 1999-இல் ப்ரூஸ்மன் முதலியோரும், 2002-இல் கிரிஸ்வோல்டு முதலியோரும் இதனை நடைமுறைக்கு உரியதாக்கினர். மூளையின் அமைப்பை 1 மில்லிமீட்டர் நுண்மையிற் காட்டும் முப்பரிமாணப் படத்தை, ஒன்பது மடங்கு விரைவாக, ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் எடுக்கலாம் என்பதை 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுக் கதைகள் என்று நேயர்கள் எண்ணலாகாது. எம்மூரினின்று ஓசூர் சென்று, அங்கிருந்து பெங்களூருக்குப் போகும் சாலைக்கு அந்நகரில் ஓசூர்ச் சாலை என்றே பெயர். அச்சாலையின்மேலேயே நிம்ஹான்ஸ் என்னும் பெரிய மனநல நரம்பியல் நிறுவனம் நிற்கிறது. 1847-இல் தோன்றிய மனநோய் விடுதியை மூலமாகக் கொண்டு, 1974-இல் இப்போதைய உருவத்தை அடைந்தது அது. எம் பக்கத்து ஊர்களில் மூளை நோயுற்றோர் பெரும்பாலும் விடியற்காலைப் பஸ்ஸேறி அங்கே செல்வர். அந்நகரத்திலேயே, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லக்ஷ்மிநாராயணன் என்னும் இருவர், பல திசைகளினின்று எடுத்த நிழற்படங்களைக் கொண்டு உள்ளுருவத்தை வரையும் கணக்கை மிகவும் விரைவாக்கும் வழியொன்றை 1971-இல் வெளியிட்டனர். இராமச்சந்திரன் அதற்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராய் விளங்கியவர். அக்கணக்கு எக்ஸ் கதிர்ப் படங்களுக்கும் எலெக்ட்ரான் நுண்நோக்கிப் படங்களுக்கும் உரியது. ஆயினும், தெளிவைக் கெடாமல் காலத்தைச் சுருக்கலாம் என்பதற்கு அது நம் பக்கத்தில் எழுந்த முற்சான்று. அந்நகரத்தினரான அர்ஜுன் அருணாசலம் தொடங்கிய வாக்ஸல்கிரிட்ஸ் என்னும் நிறுவனம் அமைத்த 1.5 டெஸ்லா யந்திரம், நம் நாட்டிலேயே உருவான முதல் எம்.ஆர்.ஐ. யந்திரமாக 2023 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. செலவு குறைவு, எடை குறைவு, விரைவு மிகுதி என்னும் மூன்றுமே அதன் நோக்கமாகக் கூறப்பட்டன.

இனி, தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய எமக்கு இவ்விஷயத்தில் ஏன் இத்தனை ஈடுபாடு என்று கேட்போருக்கு ஒன்று கூறுவோம். 2007-இல் லஸ்டிக், டோனஹோ, பாலி என்போர் மற்றொரு வழியைக் காட்டினர். வரிகளை ஒழுங்கின்றி ஆங்காங்கே விட்டு அளந்தால், விடுபட்டதன் குறை படம் முழுவதும் இரைச்சல்போற் சிதறும். உண்மையான உருவமோ தன்னுள் ஒழுங்குடையது. ஆதலின் ஒழுங்குள்ளதை வைத்துக்கொண்டு ஒழுங்கற்றதைக் கணக்கால் நீக்கிவிடலாம் என்பது அவர்கள் கருத்து. இதைக் கேட்டவுடன் எமக்கு ஏட்டுச் சுவடிகளே நினைவுக்கு வந்தன. செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் அழிந்திருப்பினும், பாட்டு வெண்பாவாயின், எதுகையும் தளையும் அறிந்தவர் அவ்விடத்தில் எத்தகைய சொல் நின்றிருக்கும் என்று துணியக்கூடும். அதே ஏட்டிற் கடைக்கணக்கு எழுதியிருப்பின், அழிந்த எண்ணை எப்புலவராலும் மீட்க இயலாது. யாப்பு உள்ள இடத்திலேதான் மீட்பு உண்டு. மூளையின் படத்துக்கும் ஒரு யாப்பு உண்டு என்று கண்டதே இவ்வறிஞர்களின் பெருமை.

ஆனால் ஏடு பதிப்பிப்போர்க்கு ஒரு சோதனையும் உண்டு. அழிந்த இடத்தில் தம் சொந்தச் சொல்லைச் செருகிவிட்டால், தளை தட்டாது, ஓசை கெடாது, படிப்போர் எவரும் ஐயுறார், பாட்டு மட்டும் பழம் புலவருடையதாக இராது. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, 267, 268 ஆகிய இரு பாட்டுக்களும் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுக்கள் இடையிடையே சிதைந்திருந்தன. அவர் நினைத்திருந்தால் அவ்விடங்களை நிரப்பியிருக்கலாம். அதற்குரிய புலமை அவரிடம் இருந்தது. அவரோ சிதைந்த இடங்களிற் புள்ளியிட்டே அச்சிட்டார்.

இன்று மூளைப் படத்துறையில் இச்சோதனையே எழுந்துள்ளது. அண்மைக் காலத்துச் செயற்கை அறிவு யந்திரங்கள், பல்லாயிரம் படங்களைக் கண்டு பழகி, விடுபட்ட வரிகளைத் தாமே நிரப்புகின்றன. 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக் நிறுவனமும் சேர்ந்து இவ்வாராய்ச்சிக்காகப் படத்தரவுகளைப் பொதுவில் வைத்தன. 2020-இல் மூளைப் படங்களைக் கொண்டு நடந்த போட்டியில், நான்கில் ஒரு பங்கு வரிகளும் எட்டில் ஒரு பங்கு வரிகளும் மட்டுமே கொடுத்து முழுப் படத்தை வரையச் சொன்னார்கள். விளைவு வியக்கத்தக்கதாகவே இருந்தது. எனினும், படங்களை ஆராய்ந்த வைத்தியர்கள் சிலவற்றில், உண்மையில் இல்லாத இரத்தக்குழாய் போன்ற உருவங்கள் புகுந்திருப்பதைக் கண்டனர். இரைச்சலுள்ள படம் தன் குறையைத் தானே சொல்லும். இவ்வகைப் படமோ குறையை மறைத்து அழகாக நிற்கும். ஆதலால் நல்ல முறைகள், நிரப்பிய படத்தை உண்மையில் அளந்த வரிகளோடு ஒவ்வொரு படியிலும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றன. அளந்ததற்கு மாறாக எதையும் சொல்லாமை, அளவாததை அளந்ததாகக் காட்டாமை என்னும் இரண்டும் இத்துறைக்குரிய பதிப்பு நெறி எனலாம்.

வலிப்பு நோயில் இந்நெறி உயிர்போன்றது. தேடப்படுவது பெரும்பாலும் ஒரு சிறு தழும்பு, அல்லது மூளையின் புறணியில் ஓரிடத்தில் அடுக்கு மாறிய சிறு பகுதி. படத்தை மெழுகிவிடும் எந்த விரைவும் அதனையும் சேர்த்து மெழுகிவிடும். ஆகவே 2019-இல் உலக வலிப்பு நோய்ச் சங்கத்தின் சார்பில் வெளிவந்த பரிந்துரை, 1 மில்லிமீட்டர் நுண்மையுள்ள இரு முப்பரிமாணத் தொகுதிகளும், அதனினும் நுண்ணிய ஒரு குறுக்குத் தொகுதியும் வேண்டும் என்று வரையறுத்தது.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர், நரம்பியல் வைத்தியரைக் காணச் சென்றபோது, பாட்டியாரின் வினாவை யாமே அவர்முன் வைத்தோம். அவர் சினந்திலர், மாறாக நாற்காலியைத் திருப்பிப் பாட்டியாரையே பார்த்து விடை சொன்னார். படங்கள் எல்லாவற்றிலும் ஒரே அளவாக விரையவில்லை என்றார். பொதுவாகப் பார்க்கவேண்டிய தொகுதிகளில் வரிகளை விட்டு விரைந்திருக்கிறார்கள். நினைவுக்கு இடமாகிய பக்கமூளைப் பகுதியைக் காட்டும் நுண்தொகுதியை விரையாமல் முழுமையாக அளந்திருக்கிறார்கள் என்று திரையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். “முன்னே எடுத்தது நாற்பது நிமிஷப் படந்தான் பாட்டி. ஆனால் பையன் அசைந்ததால் அதில் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இது பதினைந்து நிமிஷப் படம். இதில் எனக்கு எல்லாம் தெரிகிறது” என்றார். படம் தெளிவாயிருந்தும் வலிப்பின் காரணம் புலனாகாத நோயாளர் பலர் உண்டு என்றும், மருந்து தவறாமல் உட்கொள்ளவேண்டும் என்றும், நோய் அடங்காவிடின் இப்படத்தோடு ஒப்பிட மற்றொரு படம் எடுக்கலாம் என்றும் கூறினார். பாட்டியார் சற்று நேரம் திரையையே நோக்கியிருந்து, “அப்படியானால் சரி; தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார் இவர்” என்றார். பையன் மருந்து உண்டுவருகிறான். இதை எழுதும்வரை வலிப்பு மீண்டும் வரவில்லை.

நீண்ட நேரம் எடுத்ததனாலேயே ஒரு படம் சிறந்ததாகாது. அசையும் பிள்ளைக்கும், நடுங்கும் முதியவருக்கும், குழாய்க்குள் அஞ்சுவோர்க்கும் குறுகிய படமே தெளிந்த படம். ஒரு யந்திரம் ஒருநாளிற் பத்துப் பேருக்குப் பதிலாக இருபது பேரைப் பார்க்குமாயின், கூலி இழந்து காத்திருப்போர் வரிசையும் பாதியாகும். இவை சிறு நன்மைகள் அல்ல. ஆனால் எங்கே விரையலாம், எங்கே விரையலாகாது என்பதை அறிந்து விரைய வேண்டும். விட்டதை விட்டதென்றே கூறவும் வேண்டும். தம் வீட்டாருக்கு இத்தகைய படம் எடுக்கச் செல்லும் நண்பர்கள், எந்நோயை ஐயுற்று எடுக்கிறார்கள் என்பதைப் படநிலையத்தாருக்குத் தெளிவாகச் சொல்லுமாறும், பழைய படங்களைக் கையோடு கொண்டுசெல்லுமாறும், ஐயமிருப்பின் வைத்தியரை நாணாது கேட்குமாறும் வேண்டுகின்றோம். நம் கல்லூரியின் பௌதிக வகுப்பிலும் கணித வகுப்பிலும் பயிலும் தோழர்களுள் சிலரேனும் இத்துறையிற் புகுதல் வேண்டும். புகுவோர், மாலை வேளையில் ஒருமுறை எம் தமிழ் வகுப்புக்கும் வந்து, புள்ளியிட்டு அச்சிட்ட பழம்பதிப்பொன்றைப் புரட்டிப் பார்த்துச் செல்லல் வேண்டும் என்பது எம் விழைவு.